ஒரு வகுத்தல் பாக்கி, குமரேசா

குமரேசன் போய்விட்டான். காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம்.

சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கிற ஒரு சேகோ பேக்டரியில் என்னோடு லாரி எடை போடுகிற வே பிரிட்ஜில் வேலை பார்த்தவன். இங்கே முகநூலில் இருக்கிற லாரிக்கார நண்பர்களுக்கு அவனை நன்றாகவே தெரியும்...

சீசனில் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றிவந்த லாரிகள் கேட்டைத் தாண்டியும் வரிசையில் நிற்கும். இவன் எடைச்சீட்டுப் போடாமல் அட்டையில் வகுத்துக்கொண்டிருப்பான். டிரைவர்கள் திட்டுவது என்னை.

எல்லாம் ஒரு எண்ணுக்காக. 1234567.

ஒன்று முதல் ஏழு வரை வரிசையாக நிற்கிற எண், இதை எதுவும் மீதியில்லாமல் வகுக்காது, பகா எண்தான் என்று பிடிவாதம். போனில் பார்த்துத் தொலையேன் என்றால் கோபம் வரும். கையால்தான் போடுவானாம்.

இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 1111 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை என்று எனக்கு விதி சொன்னவனும் அவனேதான். மூன்று, ஏழு, பதினொன்று... எல்லாவற்றிலும் மீதி வந்தது. போன வாரம் 113 வரை வந்தவன் பேனாவை மூடிவிட்டான். பகா எண் என்று டீக்கடை வரை போய் அறிவித்துவிட்டும் வந்தான்.

1111 எங்கே, 113 எங்கே என்று கேட்டேன்.

"இவ்ளோ தூரம் போவாதது இனிமேலா போவப் போவுது? சும்மா இருய்யா."

எரிச்சலில் நேற்று மதியம் நானே உட்கார்ந்தேன். 113-க்கு அடுத்த பகா எண் 127. போட்டேன். 9721 தடவை போனது. மீதி ஒன்றுமில்லை.

அடுத்த எண்டா. அடுத்ததே.

போனில் சொன்னால் ருசிக்காது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இன்றைக்கு வைத்திருந்தேன். அதற்குள் இவனுக்கு என்ன அவசரம்...

வடக்கனந்தலில் அவன் வீட்டுக்குப் போனேன். மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் மனைவி கலா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நம்பர எதாலயும் வகுக்க முடியாதுன்னு சொல்லிக்கினே இருந்தாருண்ணா. நெசந்தானே? அவரு கெலிச்சிட்டாருதானே?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

கலா முகநூலில் இல்லை. படிக்கிறவர்கள் யாரும் அவளிடம் வாயைத் திறக்காதீர்கள்.

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. போய் வா.