சோகக் காட்சிக்கு ஒரு பட்டுச்சேலை

எண்பதுகளின் கடைசியில் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தேன். கதையில் வரும் இடம் என்ன மனநிலையைத் தருகிறது என்று கேட்டால், பிள்ளைகள் எல்லாரும் "சோகமாக இருந்தது" என்று ஒரே வரியை எழுதி நீட்டினார்கள். எழுத வேண்டாம், வீடியோ எடுத்துக் காட்டுங்கள் என்றேன். தலைமையாசிரியர் அரை மனதோடு சம்மதித்தார். படம் தேறவில்லை என்றால் அதன்பின் புத்தகத்தைத் தாண்டி நான் எதுவும் செய்யக் கூடாது என்றார்.

கல்யாண வீடியோக்காரரின் கேமரா ஒரு சனிக்கிழமை காலையில் மட்டும் கிடைத்தது. மாலையில் ஒரு வரவேற்புக்கு அது போயாக வேண்டும். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. ஒருவருக்காகக் காத்திருக்கும் வீடு, இதுதான் காட்சி. முன்தினமே ஒரு வீட்டைப் பார்த்துப் பேசி வைத்திருந்தேன். தூசி படிந்த வாசல், காய்ந்த துளசிச் செடி. வீட்டுக்காரர் போர் போடும் லாரியோடு வடக்கே போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மனைவி மட்டும் இருந்தார்.

காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டவள் போல பிள்ளைகளுக்கு முன்னால் ஓடினேன். வாசலில் சாணி தெளித்துப் பெரிய கோலம். நிலையில் மாவிலை. அந்த அம்மா கல்யாணப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு நின்றார்.

"ஏனுங்க டீச்சர், வீடியோ புடிக்க வாரீங்க, ஊட்ட அப்படியே போட்டு வெக்க முடியுங்களா? அவுரு வந்தா போட்டுக் காட்டோணுமுங்க."

பிள்ளைகளும் கேமராவோடு பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். மணி வேறு ஓடிக்கொண்டிருந்தது. "கோலத்தை அழிங்க. பூவை எடுத்துட்டுப் பழைய சேலை கட்டிட்டு வாங்க" என்று கத்தினேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கை தன்னால் பூவுக்குப் போனது, அங்கேயே நின்றது. சாலையைப் பார்த்தார். "அவுரு நல்லபடியா இருக்காருங்க, டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை.

கேமராவை வைத்திருந்த மாணவி நான் சொல்வதற்கு முன்பே அதை ஓட விட்டிருந்தாள். எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு துண்டுதான். பாட்டைப் பிறகு சேர்ப்பது கல்யாண வீடியோ வழக்கம் என்பதால் மைக் மாட்டவில்லை. என் குரல் அதில் பதியவில்லை.

திங்கட்கிழமை வகுப்போடு உட்கார்ந்து தலைமையாசிரியர் பார்த்தார். பூவருகே நின்ற கை, சாலைக்குப் போன பார்வை, சாத்திய கதவு. இரண்டாம் முறையும் போடச் சொன்னார்.

"அடுத்த வருஷமும் பண்ணுங்க" என்றார். "இவ்வளவு நல்லா நடிக்கறவங்கள எங்க புடிச்சீங்க?"

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.