ஜெயராணி மாற்றாத போத்தல்

காலையில் சாமிக்குப் பூ ஆய்ந்துகொண்டு நின்றேன். கடைக்குப் போன என் கணவர் திரும்பி வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "காசநோய் மிஸ் மோசம் போயிட்டாவாம்." நெஞ்சு நோவென்று கிளிநொச்சிக்குக் கொண்டுபோன வழியிலேயே முடிந்துவிட்டதாம். வயது நாற்பத்தொன்று.

ஸ்கந்தபுரத்தில் அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. ஜெயராணி என்று பெயர். காசநோய் ஆராய்ச்சிக்காக எங்கள் வீடுகளுக்கு வந்து போனவர். அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி சனசமூக நிலையத்தார் என்னிடம் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். மிச்சமெல்லாம் நானாக வாசித்துப் படித்தது. தயங்கினேன். "உங்கட கொப்பியைத்தானே அவா எல்லாருக்கும் காட்டினவா, நீங்கள்தான் எழுத வேணும்" என்றார்கள். எழுதக் கை கூசுவதும் அதனால்தான்.

என் கணவருக்குக் காசநோய் வந்து சுகமான வருடம் அவரை அறிந்தேன். நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் நாலு மாதம் நாளுக்கொரு குளிசை விழுங்கினால் நோய் தொற்றாமல் தடுக்கலாமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. சிவப்புக் கூட்டுக்குள் மருந்துத் தூள் அடைத்த குளிசை. விழுங்கியதும் அவர் தந்த கொப்பியில் அன்றைய தேதிப் பெட்டிக்குள் சரி போட வேண்டும். அதை விழுங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இடைக்கிடை அவர் சொல்லாமல் வந்து, சிறு போத்தலில் அதை வாங்கிப்போவார். மிச்சக் குளிசைகளையும் எண்ணுவார்.

முதல் நாளே சொல்லியிருந்தார்: "விட்டுப்போனா சரி போடாதேங்கோ அக்கா. வெறும் பெட்டியும் எனக்கு ஒரு பதில்தான். பொய்ச் சரிதான் பிறகு ஆரையோ ஒருத்தரை நோய் வருத்தக்காரர் ஆக்கும்."

நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, நேரத்தையும் எழுதிவைப்பேன். அவர் புரட்டிப் பார்த்துச் சிரிப்பார். "இந்தக் கொப்பிக்கு ஒரு விபூதிக் குறி வைச்சுக் கும்பிடலாம் அக்கா" என்பார். ஊர்க் கூட்டத்தில் அவர் அதை உயர்த்திப் பிடித்துக் காட்டிய நாளில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அந்தக் கொப்பி இருந்த என் வீட்டில்தான் அவருக்கென்று தனிக் கோப்பை ஒன்றும் இருந்தது. காசநோய்க்காரரோடு பழகுபவர் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவருடைய ஆட்கள் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதே உண்மைக் காரணம். அவர் தேநீரைக் குடித்து, கோப்பையைத் தானே கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டுப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஐப்பசியில் கந்தசட்டி விரதம் வந்தது. குளிசையின் கூடு மாட்டெலும்பில் செய்வதென்று கோயிலில் ஒருவர் சொன்னார். விரதத்தில் அதை எப்படி வாயில் வைப்பது? ஆறு நாளும் விழுங்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கொப்பியில் ஆறு வெறும் பெட்டிகள் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சரி போட்டேன். எண்ணிக்கை பிழைக்கக் கூடாதென்று நாளுக்கு ஒன்றாக எலுமிச்சையடி மண்ணுக்குள் தாட்டேன். எல்லாம் ஒத்துவந்தது.

ஐந்தாம் நாள் அவர் வந்தார். நான் கொடுத்த போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"குளிசை குடிச்சனீங்கள்தானே அக்கா?"

"ஓம். முருகன் அறியக் குடிச்சனான்" என்றேன். நெற்றியில் விபூதியோடு சொன்னேன்.

சோதனையில் அந்தப் போத்தலில் மருந்தே இல்லை. என் கொப்பியோ ஒரு பிழையும் இல்லாதது. ஆகவே என் போத்தலை வேறொருவருடையதோடு ஜெயராணி மாற்றிவிட்டார் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். அவர் இன்னொரு தடவை வந்தார். "போத்தல் மாறிட்டுதெண்டு சொல்லினம் அக்கா. உங்களுக்கு ஏதும் ஞாபகம் வருதோ?" என்று கேட்டார். இல்லையென்றேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே இன்றைக்கு நினைக்கிறேன். விரதகாரியைப் பார்த்துப் பொய் சொல்கிறாய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வீடுகளுக்குப் போகும் வேலையிலிருந்து அவரை எடுத்து, வவுனியாவில் கடதாசி அடுக்கும் வேலையில் விட்டார்கள். "தோட்டத்து ஆக்களிட்டை உந்த வேலையைக் குடுத்தா இப்பிடித்தான்" என்று கோயிலில் ஒருத்தி சொன்னபோது நான் மாலை கட்டிக்கொண்டிருந்தேன். கட்டுவதை நிறுத்தவில்லை.

செத்த வீட்டில் அவருடைய தாயார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒங்க கொப்பியப் பத்தித்தாம்மா எப்பவும் பேசுவா" என்றார். கொஞ்சம் பொறுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்: "அந்தப் போத்தல எம்புள்ள மாத்தியிருப்பாளாம்மா? நான் மாத்தலம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. யாரும் நம்பல."

என் கைகளை விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

போன கிழமை ஆராய்ச்சிக்குப் பொறுப்பான வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய கடதாசிகளை எடுத்துப் பார்த்தார். பிறகு, என் பெயருக்கு எதிரே உள்ளதைத் திருத்துவதாகவும் ஜெயராணியின் பெயருக்கு எதிரே எழுதியதை நீக்குவதாகவும் சொன்னார். அது அவர்களுடைய கந்தோர் அலுமாரியில் உள்ள கடதாசிக்குப் போதும். ஊர் வாய்க்குப் போதாது. அதனால்தான் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை இங்கே எழுதுகிறேன்.

அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் மகள் போத்தலை மாற்றவில்லை. அவர் பெயரில் எழுதிய பிழை என்னுடையது. அவருடைய நல்ல குணங்களைச் சொல்லி நினைவு வைத்திருக்க இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பிழையைத்தான். இனி அது என் பெயரில் இருக்கட்டும்.