இரண்டு ஒண்ணாம் நம்பர்

பிள்ளைகளா, கட்சிக்காரர்கள் யாராவது நம் வீட்டுக்கு வந்தால், "அந்த பேங்க் விஷயத்துல உங்கப்பா அசத்திட்டாரு" என்பார்கள். நீங்களும் பெருமையாகச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன். பத்தாவது வரை படித்தவன், தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது நம் கட்சி எதிர்க்கட்சி. ஒரு தனியார் வங்கி ஆட்டம் கண்டு, பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்திருந்தது. மயிலாப்பூர் கிளையில் தினமும் கொஞ்சம் பேருக்குத்தான் கொடுப்பார்கள். வரிசை மாட வீதி முனைவரை நிற்கும். அரசாங்கத்தைக் கேள்வி கேட்க அதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் நம் தலைவருக்கும் பொருளாளருக்கும் யார் பெரியவர் என்பதில்தான் சண்டை. திங்கட்கிழமை காலை அந்தக் கிளை வாசலில் ஆர்ப்பாட்டம் என்று தலைவர் அறிவித்தார். சற்று நேரத்தில் பொருளாளரும் அதே நாள், அதே வாசல் என்று அறிவித்தார்.

நான் தலைவர் அணி. பதினெட்டு வருஷம் போஸ்டர் ஒட்டியவன். வட்டச் செயலாளர் பதவி காலியாகியிருந்தது, எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். பொருளாளர் அணியில் ஒருவன் இருந்தான். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், கட்சிக்கு வந்து மூன்றே வருஷம். அவனுக்கும் அந்தப் பதவி மேல் கண்.

வயசானவர்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்து, அவன் நோட்டுத்தாளைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தான். "வூட்ல போய் குந்துங்க, உங்க நம்பர் வந்தா நானே போன் பண்றேன்" என்பான். மேனேஜரும் அந்த வரிசைப்படியே உள்ளே கூப்பிட்டார். இரண்டே நாளில் ஊரெல்லாம் "தம்பி, தம்பி" என்று அவனைச் சுற்றியது. நான் வெள்ளைச் சட்டை, கரை வேட்டியோடு அதே வாசலில் நின்றேன். ஒருவர்கூட மணி என்ன என்று கேட்கவில்லை. வயிறு எரிந்தது. அவன் எழுதின நம்பர்கள் அழகாக வேறு இருந்தன. அதற்கும் எரிந்தது.

அதனால் நானும் சீட்டு அடித்தேன். தலைவர் படம் போட்டு, பளபளக்கும் தாளில். திங்கள் விடிகாலை வந்து நின்றவர்களுக்கு ஒன்றிலிருந்து கொடுத்தேன். சனிக்கிழமையே அவன் திங்களுக்கும் நம்பர் கொடுத்துவிட்டது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்கு அவன் ஓடி வந்தான். "இன்னாண்ணே இது? மொத நம்பர் நான் அன்னிக்கே குடுத்துக்கினேனே!"

"உன் சீட்டுல யார் படம் கீது? ஒண்ணும் இல்ல. அப்ப அது சீட்டே இல்லடா."

"படத்த காட்டுனா கேஷியர் துட்டு குடுப்பாராண்ணே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இன்னும் சூடேறியது. அதற்குள் அவனுடைய ஒண்ணாம் நம்பர் வந்துவிட்டார். மாட வீதியில் இருக்கும் ஒரு மாமி. என்னுடைய ஒண்ணாம் நம்பரோ கதவை மறித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றார்.

மாமி இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆத்துக்காரர் ஆஸ்பத்திரியில படுத்துண்டிருக்கார். இன்னிக்குப் பணம் கட்டினாத்தான் நாளைக்கு ஆபரேஷன்ங்கறா. நான் எந்தக் கட்சின்னு சொன்னா உள்ள விடுவேள், சொல்லுங்கோ."

அதற்குள் பின்னாலிருந்து தள்ளுமுள்ளு. சீட்டுக்குச் சீட்டு சண்டை. மேனேஜர் பயந்துபோய் ஷட்டரை இறக்கிவிட்டார். அன்றைக்கு ஒருவருக்கும் பணம் கிடைக்கவில்லை.

பிறகு தலைவர் ஒரு வேனிலும் பொருளாளர் ஒரு வேனிலும் வந்தார்கள். எதிரெதிரே மைக் பிடித்து, குழப்பத்துக்கு மற்றவர் ஆள்தான் காரணம் என்றார்கள். வங்கியைப் பற்றி யார் என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தலைவர் என் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஒவ்வொண்ணுலயும் என் படம் போட்டிருக்கான் பாருய்யா!" என்று எனக்குச் சால்வை போர்த்தினார். வட்டச் செயலாளர் ஆனது அப்படித்தான்.

சால்வையோடு திரும்பினேன். அவன் மாமியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். மாமி அவனிடம் ஏதோ சொன்னார், அவன் தலையாட்டினான். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. அவமானம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகுதான் வந்தது.

மறுநாள் விடியுமுன், கரை வேட்டி கட்டாமல் லுங்கியோடு போனேன். தெருவில் யாரும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில், "நோட்டுத்தாள் சீட்டு வைத்திருப்பவர்களுக்கே இன்று முதலிடம். படம் போட்ட சீட்டு செல்லாது" என்று பெரிதாக எழுதியிருந்தேன். கீழே பெயர் போடவில்லை. ஷட்டரில் பசை தடவி ஒட்டி, நடுவிலிருந்து ஓரம்வரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு வந்தேன்.