கட்டுப் போட்ட கை கயிறு இழுத்தது

நாலாம் வகுப்போடு நின்ற நான் காரைக்காலில் ஐஸ் பேக்டரி கட்டி, இரண்டு லாரியும் வாங்கி, வேலையாட்களுக்கு இன்சூரன்சும் போட்டவன். போன வருஷம் ஐஸ்கட்டி விழுந்து கை முறிந்ததாகக் கட்டுப் போட்டு, இன்சூரன்ஸ் பணம் கேட்டு மனுவும் கொடுத்து நின்றான் என் ஆள் செல்வம். பார்த்தவர் யாருமில்லை. இது பொய்யென்றால், நாளைக்கு நிஜமாக அடிபடுகிறவனையும் இன்சூரன்ஸ் கம்பெனி நம்பாதே!

விசாரிக்க வந்த கம்பெனி அதிகாரியோடு செல்வத்தின் மீனவ ஊரான கருக்களாச்சேரிக்குப் போனேன். கடற்கரையில் செல்வம் நின்றான். அப்போது ஒரு படகு கரைக்கு வந்தது. படகைக் கயிறு கட்டி மணலில் ஏற்றும்போது எங்கள் கரையில் யாரும் சும்மா நிற்பதில்லை.

"இழுங்கடா!" என்று கத்தினேன். செல்வம் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தான்.

"என்னடா, எலும்பு ஒட்டிக்கிச்சா?"

"பழக்கம் மொதலாளி... மன்னிச்சிடுங்க."

மனுவைத் திரும்ப வாங்கினான்; நானும் அவனை வேலையில் வைத்துக்கொண்டேன். இப்போது யாருக்கு அடிபட்டாலும் பார்த்தவர்களோடு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். விரல் நசுங்கிய மாரிக்குத் தடையில்லாமல் பணம் வந்தது. செல்வத்தின் பொய்யைப் பிடித்ததற்குக் கம்பெனி பாராட்டியது அதிகாரியை மட்டும். கத்தியவன் நான்; பத்திரிகைக்காரரே, அதையும் அச்சில் போடுங்கள்.