வை-ஃபையை அணையுங்கள், சார்!

போன திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து ஒரு மெயில். 'உங்கள் ஊரில் நெட் சரியில்லை. அடுத்த மாதம் முதல் சென்னைக்கே வந்து வேலை பார்க்கவும்.'

எனக்கு வந்ததே கோபம்! கச்சிராயபாளையத்தில், வீட்டு மாடியில் உட்கார்ந்து வெப்சைட்டுகளை டெஸ்ட் செய்வது என் பிழைப்பு. இதை விட்டுவிட்டு ஹாஸ்டல் ரூமில் போய் முடங்க நான் என்ன தப்பு செய்தேன்?

விஷயம் இதுதான். கரும்பு விவசாயிகள் வெட்டுக்குப் பதிவு செய்ய ஒரு வெப்சைட். பட்டனை அழுத்தினால், அந்த வெப்பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல், விவரத்தை நெட் வழியாகக் கம்பெனி சர்வருக்கு அனுப்ப வேண்டும். சென்னை ஆபீஸில் அதை எழுதிய கார்த்திக்கின் லேப்டாப்பில் ஜோராகப் பதிவானது. என்னிடம்… ம்ஹூம்.

பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் கரும்பு போட்டிருக்கிறார். தன் போனில் முயன்று பார்த்தார். "இன்னா தங்கச்சி, அமுக்கிக்கினே இருக்கேன்… சும்மா சுத்திக்கினே கீது!"

"மலையடிவாரம், மேடம். நெட் அப்படித்தான்" என்றார் மேனேஜர். சொன்னது வீடியோ காலில். குரல் கணீரென்று கேட்டது!

பிரவுசரில் F12 தட்டினேன். ஸ்கிரிப்ட் யாரைக் கூப்பிடுகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்றிருந்தது. அதாவது, பக்கம் திறந்திருக்கும் அதே கம்ப்யூட்டருக்குள் சர்வரைத் தேடு என்று அர்த்தம். கார்த்திக் சோதனைக்காகத் தன் லேப்டாப்பிலேயே ஒரு சர்வரை ஓடவிட்டு, பிறகு முகவரியை மாற்ற மறந்திருக்கிறார். ஏழுமலை அண்ணன் போனுக்குள் சர்வர் எங்கிருந்து வரும்?

மெயிலில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டேன். கார்த்திக்கையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"கார்த்திக், பக்கம் திறந்திருக்கா? வை-ஃபையை ஆஃப் பண்ணுங்க. இப்ப பட்டனை அழுத்துங்க."

'டிக்' என்று மவுஸ் சத்தம்.

"பதிவாயிடுச்சு மேடம்…"

"நெட்டே இல்லாம எப்படிங்க கம்பெனி சர்வருக்குப் போச்சு?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி மேடம், மாத்திடுறோம். நீங்க சென்னை வர்றது…"

"கிளம்பி வர வேண்டியது நான் இல்ல, சார். உங்க ஸ்கிரிப்ட்தான்… அந்த லேப்டாப்பை விட்டு வெளியே!"

அரை மணியில் முகவரி மாறியது. "பதிவு வுழுந்துடுச்சு தங்கச்சி!" என்று பக்கத்து வீட்டிலிருந்து சத்தம்.

எங்கே கோளாறு என்றாலும் முதல் பழி தூரத்து ஊருக்குத்தான் — கவனித்திருக்கிறீர்களா? நாமும் தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டுகிறோம். நான் கட்டுவதாக இல்லை.

மேனேஜர் மன்னிப்பு கேட்கவில்லை. மெயிலையும் வாபஸ் வாங்கவில்லை. 'உடனே பதில் அனுப்பவும்' என்று தினமும் நினைவூட்டல் மட்டும் வருகிறது.

நான் அனுப்பவில்லை. என்ன செய்ய… எங்கள் ஊரில்தான் நெட் சரியில்லையாமே!