காவல்காரரின் சுள்ளிக்கட்டு

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்தேன். ரயிலடிக்குப் போகும் குறுக்குவழி ஊர்த்தோப்பின் ஊடே போகும். ஓடைக்கரை சரியாமல் பிடித்து வைத்திருந்தவை அந்த மரங்கள்தாம். அதனால் காய்ந்து விழுந்த சுள்ளியை மட்டும் பொறுக்கலாம், பச்சையில் கை வைக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அதற்காக ஊரே சேர்ந்து ஒரு காவல்காரரை வைத்திருந்தது.

ஒல்லியான ஆள். யாரையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். சாயங்காலம் பெண்களின் சுள்ளிக்கட்டுகளை அவிழ்க்கச் சொல்லிக் கிளறுவார். முடிந்ததும் தான் பொறுக்கிய சுள்ளிக்கட்டையும் அவர்கள் முன்னால் அவிழ்த்துப் போடுவார். அவர்கள் கிளறிப் பார்க்கும்வரை நகரமாட்டார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. இவ்வளவு யோக்கியம் காட்டுகிற மனுஷன் வேறெங்கோ கை வைக்கிறான் என்றே நினைத்தேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உங்களை யாருங்க சந்தேகப்பட்டாங்க?"

"நாந்தான் நைனா," என்றார். "தெனம் நாலு தபா தோணுது, ஒரு பச்சைக் கிளைய வெட்டிக்கினு பூடலாமான்னு. இவங்க கிளறுவாங்களேன்னு பயந்துதான் வுட்டுட்டு வரேன்."

பிறகு அதே கண்ணைச் சுருக்கி என் தோளைப் பார்த்தார்.

"ஆமா, உன் பையில இன்னா?"

காலி டிபன் கேரியர் மட்டும்தான். அது எனக்குத் தெரியும். இருந்தும், அவரிடம் காட்டுவதற்கு முன் ஒருமுறை நானே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டேன்.