ஹிசானோவின் வரப்பு

ஹிசானோவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தோஃபு வாங்கினால் கட்டியைத் திருப்பி, அடியில் மூலை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கணவர் இறந்த மாதமே கொழுந்தன்மார் மலைச்சரிவிலிருந்த வயலைத் தங்கள் பேருக்கு மாற்றப் பார்த்தார்கள். அன்று பிடித்த சந்தேகம் முப்பது வருடமாக விடவில்லை.

எங்கள் ஊர் அடுக்கு வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்ப்பவன் நான். வரப்பைத் துளைக்கும் அகழெலிக்குப் பொறி வைப்பதும் என் வேலைதான். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த தலைவலியை ஹிசானோ ஒருத்தியே கொடுத்திருக்கிறாள்.

அந்த ஆண்டு சேறு பூசி வழுவழுவென்று வைத்திருந்த வரப்பில் விடியற்காலை ஒரு காலடித் தடத்தைப் பார்த்தாள். அது கீழ் வயல்காரர் கென்கிச்சியின் வயலுக்கு இறங்கிப் போனது. தண்ணீர்க் கூட்டத்தில் எழுந்துவிட்டாள்.

"இந்த மனுஷன் கடப்பாரையால குத்தி என் தண்ணிய இறக்கிக்கறாரு!"

கென்கிச்சி வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. "நான் குத்தல. இனிமே அந்த வரப்புல கால் வைக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டே வாரத்தில் ஹிசானோவின் வயல் காய்ந்தது. கீழே கென்கிச்சியின் வயலில் தண்ணீர் தளும்பியது. கதிர் வெளிவரும் சமயம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கென்கிச்சியின் தண்ணீர் முறையை நிறுத்துவது என்று பேச்சு. நிறுத்தினால் அவருக்கு அந்த வருட விளைச்சல் போச்சு. உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அகழெலியாக இருக்குமோ என்று ஹிசானோவின் வரப்பில் மூங்கில் குழாய்ப் பொறி வைத்தேன். அது குழாயைச் சுற்றி வேறு வழி தோண்டிக்கொண்டு போய்விட்டது.

"வேணும்னே தப்பா வெச்சீங்க. அவரு உங்களுக்கு அரிசிச் சாராயம் வாங்கித் தந்தாரா?" என்றாள் ஹிசானோ.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குழாயின் உள்ளே அந்த வரப்புச் சேற்றையே தேய்த்துத் திரும்ப வைத்தேன். மறுநாள் அகழெலி சிக்கியது. ஹிசானோவிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அதன் மூக்கைக் காட்டினேன். மீன் முட்டை நெருங்கிக் கிடப்பதுபோல நுனி முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள்.

"இதுக்குக் கண்ணு இருந்தும் இல்லாத மாதிரிதான் அக்கா. ஒவ்வொரு மேட்டுக்கு அடியிலயும் நரம்பு. நொடிக்குப் பல தடவ மண்ணுல மூக்க ஒத்தி ஒத்தித்தான் புழு எது, வேர் எதுன்னு கண்டுக்கும். மூங்கில் வெட்டுன முனை பட்டாக்கூடப் புதுசுன்னு தெரிஞ்சுடும். உங்கள மாதிரி, எதையும் லேசுல நம்பாது."

"வேற எங்கயோ புடிச்சத இங்க காட்டறீங்க."

"அப்போ நீங்களே தொட்டுப் பாருங்க!" என்று கத்திவிட்டு, மண்வெட்டியால் வரப்பைக் கொஞ்சம் திறந்தேன்.

முழங்கை வரை சேறாக ஹிசானோ கையை விட்டாள். வளையின் சுவர் அழுந்தி வழவழப்பாக இருந்தது. கடப்பாரைக் கீறல் எதுவும் இல்லை. இன்னும் உள்ளே துழாவியவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"இங்க களிமண்ணு அடைச்சிருக்கு. விரல் தடம் இருக்கு." மறுபடி தடவினாள். "ரெண்டு விரல். அப்புறம் இடைவெளி. அப்புறம் சுண்டுவிரல்."

கதிரடிக்கும் இயந்திரத்தில் மோதிர விரலை இழந்தவர் எங்கள் ஊரில் ஒருவர்தான். பக்கத்திலேயே இன்னொரு அடைப்பு இருந்தது. அதையடுத்து, கல்லாக இறுகிப்போன பழையது ஒன்று. எல்லாவற்றிலும் அதே இடைவெளி.

சேற்றுக் கையோடு கீழ் வயலுக்கு இறங்கிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, ஓட்டைய அடைக்கத்தான் வந்தீங்கன்னு கூட்டத்துல ஏன் சொல்லல?"

கென்கிச்சி நிமிராமல் களை பிடுங்கிக்கொண்டே சொன்னார். "சொல்லியிருந்தா, 'குத்துனவருக்குத்தானே ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும்'னு கேட்டிருப்பியேம்மா."

ஹிசானோ திரும்பி, அவர் கால் வைக்காத இரண்டு வாரத்தில் காய்ந்துபோன தன் வயலைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, கேட்டிருப்பேன்" என்று சொல்லி அழுதாள்.